இஞ்சினைக் கழட்டுறதுக்கு முதல்

யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய லான்ட்மாஸ்ரர் தோட்டத்துக்குள் நின்றுவிட்டால் மூன்று தீர்ப்புகள் வரும். "இஞ்சின் செத்துப்போச்சு" என்பது ஒன்று. "ஹெட்டைக் கழட்டிப் பாக்கவேணும்" என்பது இரண்டாவது. "இதுக்குச் செலவழிக்கிற காசை முற்பணமாய்க் கட்டினால் புதுசு எடுக்கலாம்" என்பது மூன்றாவது. இதைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து டீசல் குழாயைக்கூடத் தொட்டுப் பார்த்திருக்கமாட்டினம். வேலியோரம் நின்றபடியே சொல்லிப்போட்டுப் போவினம்.

அந்த மூன்று தீர்ப்புக்கும் எதிராகத்தான் இதை எழுதுகிறோம். நாங்கள் பார்த்த பழைய தோட்ட உழவு இயந்திரங்களில் கோளாறு அதிகமும் இஞ்சினுக்கு வெளியில்தான் தொடங்கியிருந்தது. தாங்கியில், குழாயில், காற்றுப் பில்ரரில், பெல்ற்றில், தண்ணித் தொட்டியில். அதைக் கண்டுபிடிக்க ஒரு ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கு தெரிந்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. அவர்களிடம் இருந்து அதை வாங்கி வைக்க எங்களுக்கு நேரமில்லை. ஆனால் மாதா மாதம் லீசிங் கட்ட மட்டும் நேரமும் காசும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். யாழ்ப்பாணத்தில் 'தோட்டம்' என்றால் பூந்தோட்டம் இல்லை. கிணற்றில் இருந்து இறைத்து வெங்காயம், மிளகாய், புகையிலை, மரக்கறி செய்கிற மேட்டு நிலம். வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் ஒருவருக்கு ஆறு பரப்பு, எட்டுப் பரப்பு இருந்தாலே நல்ல தோட்டக்காரர்தான். பதினாறு பரப்புச் சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். காணிக்குப் போகிற ஒழுங்கையோ ஒரு மாட்டு வண்டி அகலம். நாலு சில்லு உழவு இயந்திரம் உள்ளே வந்தாலும் திரும்ப இடமில்லை. ஆகவே இரண்டு சில்லோடு, பின்னால் நடந்தபடி பிடித்து உழுகிற இயந்திரம்தான் இங்கே பொருந்தும்.

லான்ட்மாஸ்ரர் என்பது இங்கிலாந்தில் செய்த ஒரு இயந்திரத்தின் பெயர். அந்த இயந்திரம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இப்போது கூபோட்டாவும் லான்ட்மாஸ்ரர்தான், சீன இஞ்சின் பூட்டியதும் லான்ட்மாஸ்ரர்தான். அது உருவாகியதிலும் இலங்கையில் பரவியதிலும் றே விஜேவர்த்தன என்ற பொறியியலாளருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 1924இல் பிறந்து 2010இல் காலமானவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தவர். பிற்காலத்தில் அவரே தன் வேலையைத் திரும்பிப் பார்த்து, இந்த இயந்திரம் சின்ன விவசாயியை வெளியில் இருந்து வருகிற எண்ணெயிலும் பாட்ஸிலும் தங்கியிருக்க வைத்துவிட்டதா என்று வெளிப்படையாகக் கேட்டார். தான் செய்த பொருளைப் பற்றி அப்படிக் கேட்க ஒரு மனத்துணிவு வேணும். மாடு சாணியும் போடும், கன்றும் போடும். லான்ட்மாஸ்ரர் புகை மட்டும்தான் போடும். அந்தக் கேள்வியை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் இயந்திரம் வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. உழவு மாடு இப்போது எத்தனை வீட்டில் நிற்கிறது? தங்கியிருக்கத்தான் வேண்டுமென்றால், குறைந்தது அதைத் திருத்துகிற அறிவாவது எங்களிடம் இருக்கவேணும்.

அந்த ஒழுங்குக்கு வருவோம்.

நல்ல மெக்கானிக் ஒருவர் பரிகாரி மாதிரி. முதலில் நாடி பார்க்கமாட்டார், கதை கேட்பார். "எப்ப நிண்டது? சடாரெண்டு நிண்டதோ, இழுத்து இழுத்து நிண்டதோ? சூட்டில நிண்டதோ, காலமை ஸ்ராட்டே வரேல்லையோ? கடைசியா ஆர் கை வைச்சது?" இந்த நாலு கேள்விக்குப் பதில் வந்தால் வேலையில் பாதி முடிந்துவிடும். வேகம் ஏறி இறங்கி, விக்கி விக்கி நின்றால் டீசல் வரத்தில் பிரச்சினை. உள்ளே இரும்பு அடிபடுகிற சத்தத்தோடு சடாரென்று நின்றால் ஹான்டிலைத் திரும்பவும் சுத்தக்கூடாது; அதுதான் உண்மையில் கழட்டவேண்டிய கேஸ். "கடைசியா ஆர் கை வைச்சது" என்ற கேள்விக்குத்தான் வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்லுவார்.

டீசல் இஞ்சினில் பிளக் இல்லை, சுருள் இல்லை, பற்றரியும் பெரும்பாலும் இல்லை. காற்றை இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெரிக்கிறது. நெரிபட்ட காற்று தானாகச் சுடுகிறது. அதற்குள் டீசலைப் புகார் மாதிரி விசிறினால் பற்றுகிறது. இவ்வளவுதான். ஆகவே கேட்கவேண்டியதும் மூன்றுதான்: டீசல் வருகிறதா, காற்று வருகிறதா, நெரிவு இருக்கிறதா. இந்த வரிசையை மாற்றக்கூடாது. செலவில்லாத சோதனை முதலில், செலவான சோதனை கடைசியில்.

தாங்கியின் மூடியில் இருந்து தொடங்குவோம். மூடியில் ஊசி முனை அளவு ஒரு துளை இருக்கும். டீசல் இறங்க இறங்க அந்தத் துளையால் காற்று உள்ளே போகவேணும். செம்பாட்டுத் தூசியும் டீசலும் சேர்ந்து அந்தத் துளையை அடைத்துவிட்டால் இஞ்சின் பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடும், பிறகு இழுத்து நின்றுவிடும். கொஞ்சநேரம் விட்டுப் போட்டால் திரும்ப ஓடும். வலிகாமத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டக்காரருக்கு இதே குணத்தை வைத்துக்கொண்டு "பம்பும் நொசிலும் ரெண்டும் போட்டுது" என்று ஒரு கராஜில் சொல்லியிருந்தார்கள். விலையும் கேட்டாயிற்று. வேலையை விட்டு வீட்டில் இருக்கிற பழைய மெக்கானிக் ஐயா ஒருவர் சும்மா பார்க்க வந்தார். இயந்திரம் நிற்கப்போகிற நேரம் பார்த்து மூடியைத் தளர்த்தச் சொன்னார். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டது. இஞ்சின் நிற்காமல் ஓடியது. "தம்பி, வேலியில இருந்து ஒரு முள்ளு முறிச்சுக்கொண்டு வா" என்றார். செலவு அந்த முள்ளு மட்டும்தான்.

அடுத்தது டீசலில் தண்ணீர். வாங்கி வைத்த கானில் இருந்தும் வரும், தாங்கியின் உள்பக்கம் இரவில் வேர்ப்பதாலும் சேரும். தாங்கியின் அடியில் இருந்து கொஞ்சம் டீசலை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து அரை மணித்தியாலம் அசையாமல் வைக்கவேணும். தண்ணீர் இருந்தால் அடியில் தனிப் படையாக நிற்கும். இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை, பொறுமை மட்டும் போதும்.

பிறகு குழாய்க்குள் காற்று. தாங்கி ஒருமுறை முழுதாக வற்றிவிட்டாலோ, றப்பர் குழாய் வெயிலில் வெடித்துவிட்டாலோ காற்று உள்ளே போய்விடும். டீசல் பம்ப் காற்றைத் தள்ளாது. பம்பின் மேல் இருக்கிற சின்னத் திருகாணியைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விட்டு இறுக்கவேணும். பிறகு ஹான்டிலை மெதுவாகச் சுத்தினால் நொசில் பக்கம் 'கிறீக், கிறீக்' என்று ஒரு சத்தம் கேட்கவேணும். அந்தச் சத்தம் கேட்டால் டீசல் போய்ச் சேருகிறது என்று அர்த்தம். கேட்காவிட்டால் பம்பா நொசிலா என்று பார்க்கிற கட்டம் அப்போதுதான் வரும். நொசிலை வெளியில் எடுத்து விசிறிப் பார்க்கிறவர்கள் கையை அதன் முன்னால் பிடிக்கக்கூடாது. அந்த அமுக்கத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்கச் சின்னக் காயம் மாதிரி இருக்கும், நோகவும் நோகாது. ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய விசயம்.

காற்றுக்கு வருவோம். கறுப்புப் புகை என்றால் டீசல் கூட, அல்லது காற்றுக் குறைவு, அல்லது சுமை அதிகம். செம்பாட்டு மண் காய்ந்தால் மா மாதிரி. கோடையில் உழுத பிறகு பில்ரரைத் திறந்து பார்த்தால் அடியில் இருக்கிற ஒயில் சிவப்புக் களியாக இருக்கும். அதைக் கழுவிப் புது ஒயில் விடவேணும், ஆனால் கோட்டுக்கு மேலே விடக்கூடாது. கூட விட்டால் அந்த ஒயிலை இஞ்சின் உள்ளே இழுத்து அதையே எரிக்கத் தொடங்கும். பிறகு டீசலை மூடினாலும் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போகும். அந்த நேரம் ஓடித் தப்புகிறவர்கள்தான் அதிகம். காற்று உள்ளே போகிற வாயைத் தடித்த ஈரச் சாக்கால் அல்லது பலகையால் அடைத்தால் நிற்கும். வெறுங்கை வைக்கக்கூடாது.

மற்றப் புகைகளும் இப்படித்தான் ஏதாவது சொல்லும். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. றிங் தேய்ந்திருக்கலாம், வால்வுப் பக்கத்தால் இறங்கலாம். ஸ்ராட் வராமல் வெள்ளைப் புகை மட்டும் வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை. நெரிவு குறைவு, அல்லது டீசலில் தண்ணீர். காலமைக் குளிரில் கொஞ்சநேரம் வந்து நின்றால் அதைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை.

நெரிவைச் சோதிக்க மீற்றர் வேண்டாம். வால்வைத் தூக்கி வைக்கிற அந்தச் சின்ன நெம்பைத் தொடாமல் ஹான்டிலை மெதுவாகச் சுத்தினால் ஒரு இடத்தில் கையைப் பின்னுக்குத் தள்ளவேணும், பந்து அமுக்கினால் தள்ளுவதுபோல. தள்ளாமல் வழுக்கிக்கொண்டு போனால் நெரிவு இல்லை. அப்போதும் உடனே ஹெட்டைக் கழட்டுவதில்லை. வால்வு இடைவெளியைப் பார்க்கவேணும். காற்று வாயால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்பச் சுத்திப் பார்க்கவேணும். நெரிவு கூடினால் றிங், கூடாவிட்டால் வால்வு அல்லது காஸ்கற். தேக்கரண்டிதான், கோப்பைக் கணக்கில் விட்டால் ஒயில் நெரிபடாது, பிஸ்ரனின் தண்டுதான் வளையும். இஞ்சின் ஓடுகிற நேரம் தண்ணித் தொட்டிக்குள் தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட் காஸ்கற் போய்விட்டது. இவ்வளவும் பார்த்த பிறகு கழட்டுகிறவர் எதற்காகக் கழட்டுகிறோம் என்று தெரிந்து கழட்டுகிறார்.

எல்லாவற்றையும் சோதித்து இஞ்சின் நன்றாக இருந்தும் "இழுவை இல்லை" என்று ஒரு முறைப்பாடு வரும். அங்கே பார்க்கவேண்டியது பெல்ற். தளர்ந்த பெல்ற் வழுக்கும், உழவு இரும்பு மண்ணுக்குள் நிற்கும், இஞ்சின் வீணாகச் சுத்தும். பெல்ற்றின் நடுவில் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தாலே தெரியும். ஆனால் பெல்ற் இறுக்கிக் கொடுத்ததற்குக் காசு வாங்க எந்த மெக்கானிக்கும் கூச்சப்படுவார். றிங் மாற்றியதற்கு வாங்கக் கூச்சம் இல்லை. பிரச்சினையின் ஒரு பக்கம் இதுதான், அதற்குப் பிறகு வருகிறோம்.

யாழ்ப்பாணத்துக்கென்றே ஒரு வருத்தம் இருக்கிறது, அது சுண்ணாம்பு. எங்கள் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிற தண்ணி. கேத்திலுக்குள் பிடிக்கிற வெள்ளைப் படையை எல்லா வீட்டிலும் கண்டிருப்பீர்கள். பழைய லான்ட்மாஸ்ரரின் தண்ணித் தொட்டியும் ஒரு கேத்தில்தான். அந்த வகை இஞ்சினில் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போவதுதான் குளிராக்குகிற முறை. ஆவியைக் கண்டு பயப்படத் தேவையில்லை, சிவப்பு மிதவை கீழே இறங்கும்போது தண்ணீர் விட்டால் போதும். ஆனால் ஒவ்வொரு தடவையும் கொதித்துப் போவது தண்ணீர் மட்டும். சுண்ணாம்பு உள்ளேயே தங்கிவிடும். வருடக்கணக்கில் சிலிண்டரைச் சுற்றிப் படை தடித்து, வெப்பம் வெளியே வர வழியில்லாமல் போகும். வெளியில் தொட்டி நிறையத் தண்ணி நிற்கும், உள்ளே பிஸ்ரன் இறுகும். அதைப் பார்த்துவிட்டு "சீனாச் சாமான், தரமில்லை" என்பார்கள். ஜப்பான் சாமானுக்கும் இதே தண்ணியை விட்டால் இதே கதிதான்.

இதற்கு மருந்து மழைத்தண்ணி. ஐப்பசி கார்த்திகையில் கூரையால் விழுகிறதை இரண்டு கானில் பிடித்து மூடி வைத்தால் ஒரு போகத்துக்குக் காணும். இதை ஏன் எந்தக் கையேட்டிலும் பெரிய எழுத்தில் போடவில்லை? மென்மையான தண்ணீர் பாவிக்கச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை எழுதினவருக்குப் புன்னாலைக்கட்டுவன் கிணறு தெரியாது. எங்களுக்குத் தெரியும். அந்த ஒரு வரியைத் தமிழில், எங்கள் கிணற்றுக்கு ஏற்றபடி எழுதுவதுதான் நாங்கள் கேட்கிற வேலையின் அளவு. இன்னொன்றும் அதில் சேரவேணும்: தண்ணி வற்றிச் சூடேறின இஞ்சினுக்குள் பச்சைத் தண்ணியை ஊற்றக்கூடாது. ஹெட் வெடித்துவிடும். ஆறும்வரை நிழலில் விட்டுப்போட்டு ஒரு பிளேன்ரீ குடிக்கலாம்.

இந்த ஊருக்கு இதெல்லாம் தெரியாமல் இருந்ததில்லை. 1990இல் போர் திரும்பத் தொடங்கியபோது யாழ்ப்பாணத்துக்கு மின்சாரமும் ரயிலும் நின்றுபோயின. பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடைப்பட்டியலில். மோட்டார் சைக்கிளும் இறைப்பு மெசினும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது என்பதால் ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சப் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றருக்குள் பீய்ச்சி, அந்தச் சூட்டில் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் போத்தலுக்குச் சூப்பி என்று பெயர். எங்கள் வயதுக்காரர் அதைக் கதையாகத்தான் கேட்டிருக்கிறோம். குழந்தைக்குப் பால் கொடுக்கிற பெயரை மோட்டார் சைக்கிளுக்கு வைத்த ஊர் இது.

சூப்பியைப் பற்றிய பெருமைக் கதைகள் இப்போது முகநூலில் நிறைய வருகின்றன. எங்களுக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. பொருளாதாரத் தடை ஒரு தண்டனை. பள்ளிக்கூடம் மாதிரி அதைப் புகழ்ந்து எழுதுவது, அந்தத் தண்டனையில் மருந்தில்லாமல் செத்தவர்களுக்குச் செய்கிற மரியாதை இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு விசயம் நடந்தது உண்மை. பாட்ஸ் இல்லாததால் காரணம் தேடவேண்டியிருந்தது. ஒரு றிங்கை மாற்ற முடியாதபோது, றிங் ஏன் தேய்ந்தது என்று மனிதர் யோசித்தார்கள். ஏ9 திறந்து, பாட்ஸ் கடை தெருவுக்குத் தெரு வந்த பிறகு அந்த யோசனை தேவையில்லாமல் போய்விட்டது. சந்தேகமென்றால் மாற்று, மாற்றியும் சரிவராவிட்டால் அடுத்ததை மாற்று. காசு இருக்கிறவரைக்கும் அதுவும் ஒரு வழிதான்.

காசு இல்லாத காலம் திரும்ப வந்தது 2022இல். டொலர் இருநூறு ரூபாயில் இருந்து முந்நூற்றறுபதுக்கு ஏறியது. பாட்ஸ் விலையும் கூடவே ஏறியது. டீசலுக்கு வரிசை, பிறகு யூலையில் கியூ.ஆர். பங்கீடு. ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாயானது. அதற்கு முதல் பல வருடம் மண்ணெண்ணெய் டீசலை விட மலிவாக இருந்தபடியால் இரண்டையும் கலந்து ஓட்டியவர்கள் உண்டு. அப்படி ஓடிய இயந்திரங்களின் பம்பும் நொசிலும் இப்போது பதில் சொல்லுகின்றன. டீசல் தானே அந்தப் பம்புக்கு எண்ணெய்ப் பசை. மண்ணெண்ணெய் வரட்சி, உள்ளே உரசித் தேய்க்கும். பழைய இயந்திரம் ஒன்றைப் பார்க்கிற மெக்கானிக் "இவ்வளவு காலமும் என்ன ஊத்தினனீங்கள்?" என்று கேட்பது குற்றம் கண்டுபிடிக்க இல்லை. அது நோயாளியின் பழைய வரலாறு.

மெக்கானிக்மாரைத் திட்டுவது எங்கள் நோக்கமில்லை. ஒரு கராஜில் வேலை செய்கிற பெடியனுக்கு நாளுக்கு இத்தனை இயந்திரம் முடிக்கவேணும். அரை மணித்தியாலம் கேள்வி கேட்டு, ஒரு துளையைக் குத்திவிட்டு, "அண்ணை, ஐந்நூறு தாங்கோ" என்று கேட்டால், "முள்ளால குத்தினதுக்கு ஐந்நூறோ?" என்று கேட்கிறவர்கள் நாங்கள்தான். அதே ஆள் கையில் எண்ணெய் படிய ஒரு நாள் முழுக்கக் கழட்டிப் பூட்டிப் பாட்ஸ் பெட்டியைக் காட்டினால் பேசாமல் பல ஆயிரம் கொடுப்போம். டொக்டர் மருந்து எழுதாமல் விட்டால் சரியான டொக்டர் இல்லை என்று நினைக்கிற அதே புத்திதான் இதுவும். பார்த்துச் சொல்வதற்கு ஒரு விலை வைத்து, அதைச் சுவரில் எழுதி ஒட்டினால் என்ன? கோளாறைக் கண்டுபிடிக்க இவ்வளவு, திருத்த இவ்வளவு என்று. ஒரு கராஜ் தொடங்கினாலே போதும், மற்றது தானாக வரும் என்று நினைக்கிறோம்.

வெளியுலகில் இதே விசயம் வேறு உருவத்தில் நடக்கிறது. அமெரிக்காவில் ஜோன் டியர் உழவு இயந்திரங்களுக்குள் கணினி இருக்கிறது. ஒரு உணரி பழுதானாலும் கொம்பனியின் மென்பொருள் இல்லாமல் பல கோளாறுகளைக் கண்டுபிடிக்க முடியாது. தங்கள் இயந்திரத்தைத் தாங்களே திருத்த விவசாயிகள் வருடக்கணக்காகப் போராடி, கொலராடோ மாநிலத்தில் 2023இல் அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது; 2024 தொடக்கத்தில் இருந்து அது நடைமுறையில். அங்கே பூட்டுப் போட்டிருக்கிறார்கள், அதனால் போராட்டம். எங்கள் பழைய லான்ட்மாஸ்ரரில் பூட்டே இல்லை. நாலு ஸ்பனரும் ஒரு முள்ளும் போதும். திறந்து கிடக்கிற கதவால் உள்ளே போக ஆளில்லை.

எதிர்க்கேள்விகள் வரும். பழைய இயந்திரம் டீசல் கூடக் குடிக்கும், புகை அடிக்கும், கைகால் நடுங்க வைக்கும். உண்மைதான். எல்லாப் பழையதையும் காப்பாற்றச் சொல்லவில்லை. தண்டு தேய்ந்து, உடல் வெடித்து, பாட்ஸும் கிடையாது என்றால் பழைய இரும்புக்குப் போடுவதுதான் சரி. ஆனால் அந்த முடிவை சோதித்த பிறகு எடுக்கவேணும். லீசிங் தரகர் வீட்டு வாசலில் நிற்கிற நாளில் எடுக்கக்கூடாது. வெங்காயம் நட்டிருக்கிற ஆறு பரப்புக் காணிக்காரருக்கு மாதாந்தக் கட்டுப்பணம் என்பது, சந்தையில் விலை விழுந்த மாதத்திலும் விழாத ஒன்று. மருதனார்மடம் சந்தையில் மூட்டையை விற்றுப்போட்டு நேரே கட்டுப்பணம் கட்டப் போகிறவர்களை எங்களுக்குத் தெரியும். அவர்களில் சிலரின் பழைய இயந்திரம் இன்னும் கொட்டிலுக்குள் நிற்கிறது, என்ன கோளாறு என்று தெரியாமலேயே.

புகை பற்றிக் கவலைப்படுகிற நண்பர்களுக்கு இன்னொன்றும். கழட்டிப் பூட்டுகிற வேலை கூடக் கூட வேலிக்கரையில் ஊற்றுகிற கழிவு ஒயிலும் கூடும். எங்கள் நிலத்தில் ஊற்றினது நேரே கிணற்றுக்குத்தான் போகும். சுண்ணாம்புக் கல் வடிகட்டாது, வழிவிடும். சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றின கிணறுகளில் எண்ணெய் வந்து, வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், 2019இல் இழப்பீடு கொடுக்கச் சொன்னதெல்லாம் எங்கள் கண்முன்னால் நடந்தது. பெரிய நிலையத்துக்கு எதிராகப் பதாகை பிடித்த ஊரில், சின்னக் கராஜின் கழிவு ஒயில் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. பிரதேச சபை மாதம் ஒருமுறை கான் கானாகச் சேர்த்து எடுத்துக்கொண்டு போனால் முடிகிற காரியம்.

எங்களுடைய கோரிக்கைகள் பெரியவை இல்லை. யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் உதவியோடு கட்டின பயிற்சி நிலையம் இருக்கிறது, பக்கத்திலேயே பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. முழுநேர டிப்ளோமா தோட்டக்காரருக்கு உதவாது. காலமை இறைப்பு, பின்னேரம் சந்தை. வருகிறதென்றால் ஆறு மணிக்குப் பிறகுதான் வருவினம். ஆகவே பின்னேரம் ஆறரை மணிக்கு, கமநல சேவை நிலையத்தின் முற்றத்தில், ஒரு ஓடாத லான்ட்மாஸ்ரரை வைத்துக்கொண்டு ஆறு வகுப்பு. படிப்பிக்க வேலையில் இருந்து ஓய்ந்த மெக்கானிக் ஐயா ஒருவர், பக்கத்தில் எழுதி எடுக்க ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை. இருவருக்கும் சம்பளம் கொடுக்கவேணும். 'சமூக சேவை' என்று சொல்லி ஐயாவின் நேரத்தைச் சும்மா எடுக்கக்கூடாது. பெண்களும் வரக்கூடிய நேரமாக, இடமாக இருக்கவேணும். போருக்குப் பிறகு தோட்டத்தைத் தனியாகக் கொண்டு நடத்துகிற பெண்கள் இங்கே குறைவில்லை, கராஜில் மூன்று தீர்ப்பையும் ஒரே மூச்சில் கேட்கிறவர்களும் அவர்கள்தான்.

எழுதி எடுக்கும்போது சொற்களை மாற்றவேண்டாம் என்று ஒரு வேண்டுகோள். நொசிலை 'தெளிமுனை' ஆக்கினால் பாட்ஸ் கடையில் தம்பி விளங்காமல் முழிப்பான். காஸ்கற் காஸ்கற்றாகவே இருக்கட்டும். தமிழில் வரவேண்டியது அந்த 'கிறீக், கிறீக்' சத்தத்துக்கும், ஹான்டில் கையைத் தள்ளுகிற அந்தத் தள்ளுக்கும், சூட்டில் நின்றதா காலமை நின்றதா என்ற கேள்விக்கும் உரிய வசனங்கள். அவை ஏற்கனவே அந்த ஐயாமாரின் வாயில் இருக்கின்றன. மழை தொடங்கினால் லான்ட்மாஸ்ரர் கொட்டிலுக்குள் போய்விடும், ஐயாமாருக்கும் நேரம் கிடைக்கும். எங்கள் குழு அந்த இரண்டு மாதத்துக்கு ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் இரண்டு கொப்பியும் வாங்கி வைத்திருக்கிறது.